ஒயின் வகுப்புக்கு வந்து சேர்ந்தவை

ஒயின் வகுப்பின் முதல் நாளில், கிளாஸுக்குள் மூக்கை விட்டு "நனைஞ்ச நாய் வாசனை அடிக்குது" என்று டிரைவிங் டீச்சர் சொன்னதும், மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நனைந்த நாய் எழுந்து வந்து எல்லோர் மேலும் படும்படி உடம்பை உதறியது. வெளியே மழை இல்லை. கதவும் சாத்தித்தான் இருந்தது. ஒயின் வாத்தியார் நாயை ஒரு பார்வை பார்த்து, வகுப்புக்குள் செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை என்றார். பக்கத்தில் இருந்த பல் டாக்டர் அதைக் கைக்குட்டையால் துவட்டி, வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டார். இன்றைக்கும் அது அவருடைய கிளினிக் வாசலில்தான் படுத்திருக்கிறது.

டிரைவிங் டீச்சர் அதுவரை ஒயினை வாயில் வைத்தவள் அல்ல. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். பக்கத்து சீட்டில் இருந்தபடி, தனக்கென்று பொருத்திய இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்துப் பழகி, சினிமா தியேட்டரில்கூட அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அந்தக் காலைத் தங்கச்சியின் கல்யாணப் பேச்சிலும் வைத்தாள். "இந்த ஆள் உனக்குச் சரிப்பட மாட்டான்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். தங்கச்சி அவனையே கட்டிக்கொண்டு ஊரின் மறு கோடிக்குப் போய்ச் சேர்ந்து, அக்காவோடு பேச்சை நிறுத்தினாள். அவன் தங்கமான மனுஷனாக இருந்து தொலைத்ததுதான் பெரிய சங்கடம். மன்னிப்புக் கேட்கப் போனை எடுப்பாள், கால் தரையை அழுத்தும், போனை வைத்துவிடுவாள். இப்படியே வருஷங்கள் ஓடின. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்றால் அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து ஊர் சுற்றிய நேரம். அந்த நேரத்தில் வீட்டில் தனியாக இருக்க முடியாமல்தான், செவ்வாயில் நடக்கும் வகுப்பாகத் தேடி இதில் சேர்ந்தாள். நீச்சலில் இடம் இல்லை.

வாத்தியார் கொடுத்த அட்டையில், ஒயினில் வரக்கூடிய வாசனைகள் என்று செர்ரி, பிளம், பதனிட்ட தோல், பென்சில் எல்லாம் அச்சடித்திருந்தது. மற்றவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி "ஆஹா, செர்ரி!" என்பார்கள். ஒரு செர்ரியும் வராது. டீச்சருக்கோ செர்ரியும் தெரியாது, ஒன்றும் தெரியாது. மூக்கில் பட்டதைச் சொன்னாள். புதுசா பெயின்ட் அடிச்ச பெஞ்ச் என்றாள், பச்சை பெஞ்ச் ஒன்று வந்தது. ரிட்டயரான பேங்க் மேனேஜர் பார்க்காமல் உட்கார்ந்து பேன்ட்டில் பட்டை பட்டையாக வாங்கிக்கொண்டார். பெட்ரோல் பங்க் என்றாள், பாதி பங்க் வந்தது. நீல உடுப்புக்காரர் ஒருவர் "எவ்வளவுக்குப் போடணும்?" என்று கேட்டார். அந்த வாரம் விலை ஏறியிருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, இன்னொரு மிடறு குடித்தாள். இந்த வயசில் தனக்குத் தெரியாத விஷயம் இவ்வளவு இருக்கிறதே என்று அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உலகத்தில் உள்ள ஒயினையெல்லாம் கற்றுக்கொண்டுதான் ஓய்வது என்று முடிவு கட்டினாள்.

கடைசி வகுப்பில் வாத்தியார் தன் சொந்த பாட்டிலைத் திறந்து ஊற்றினார். மோந்து பார்த்த டீச்சரின் முகம் மாறியது. வலது கால் தரையை அழுத்து அழுத்து என்று அழுத்தியது. "பிளம்" என்று புளுகினாள். ஒன்றும் வரவில்லை.

"நீங்க பிளம்னு சொல்ற ஆள் இல்லையேம்மா" என்றார் வாத்தியார்.

"வேற சொன்னா, வந்து திட்டுவா சார்."

"யாரு, பிளமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் கால் தளர்ந்தது. தளர்ந்த வேகத்தில் சொல்லிவிட்டாள்: "தலைக்குக் குளிச்சிட்டு வந்த என் தங்கச்சி."

தலையில் ஈரத் துண்டும் கையில் கரண்டியுமாகத் தங்கச்சி பச்சை பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள். "அடிப்பாவி அக்கா! அடுப்புல பால் வெச்சிருக்கேன்! இத்தனை வருஷத்துல ஒரு போன் பண்ணியிருந்தா வாயில இருக்கற முத்து உதிர்ந்திருக்குமா?"

"நான் சொன்னது தப்புதான்டி. உன் வீட்டுக்காரர் தங்கம். என்னை மன்னிச்சுடு" என்றாள் டீச்சர், அத்தனை பேர் முன்னாலும். பிறகு விக்கி விக்கி அழுதாள். தங்கச்சி கரண்டியாலேயே அக்காவின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, தானும் அழுது, "அப்படி என்னத்தைக் குடிச்சே?" என்று கிளாஸை வாங்கி மோந்து பார்த்தாள். "இது நம்ம பழைய டிரைவிங் ஸ்கூல் காரோட சீட் வாசனையாச்சே!"

என்றைக்கோ இரும்புக்கடைக்குப் போன அந்தக் கார், எல் போர்டோடு மேஜைகளுக்கு நடுவில் வந்து நின்றது. சாவி வண்டியிலேயே இருந்தது. குடிச்சவ வண்டியைத் தொடக் கூடாது என்று டீச்சர் சொன்னதால் தங்கச்சி ஓட்டினாள். வகுப்பே சேர்ந்து இரட்டைக் கதவைத் திறந்துவிட்டது. பால் பொங்கும் அவசரம், ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் கிறீச்சிட்டது. டீச்சரின் காலடியில் இரண்டாவது பிரேக் அப்படியே இருந்தது. அவள் இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் மடக்கிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் வேகமாப் போயேன்டி" என்றாள்.

அங்கே தங்கச்சி வீட்டுக்காரர் அடுப்பை அணைத்து மூன்று டம்ளர் எடுத்து வைத்திருந்தார்.

இரண்டாம் நிலை வகுப்பு வரும் செவ்வாய்க்கிழமை ஆரம்பம். அக்கா, தங்கச்சி இருவரும் பேர் கொடுத்திருக்கிறார்கள். வாத்தியார் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிய ஹாலாகப் பிடித்திருக்கிறார். உட்கார பெஞ்ச் இருக்கிறது, பெயின்ட்தான் இன்னும் காயவில்லை.