இரண்டிலும் தேடிப் பாருங்கள்

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைப் பையன் அஜித் தன் வேலையைப் பற்றிச் சொன்னதும் நீட்டிய கேசரித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். சென்னையில் சாஃப்ட்வேர் என்று மட்டும்தான் தரகர் எங்களிடம் சொல்லியிருந்தார்.

"தேடுபொறிங்க," என்றான். "எல்லாரும் தேடறாங்களே, அந்தப் பெரிய கம்பெனிக்குப் போட்டியா எங்களது புதுசா வந்துக்குது. ஒரே கேள்விய ரெண்டுத்துலயும் போட்டு, எதுல பதில் நல்லா வருதுன்னு பார்த்து மார்க் போடறதுதான் என் வேலை."

"பெரியவன்கிட்ட கெடைக்காதது நம்ம பசங்ககிட்ட கெடைக்கும்," என்று அவனுடைய தாய்மாமன் சக்கரவர்த்தி மீசையைத் தடவிக்கொண்டார். வந்தவாசியில் உரக்கடை வைத்திருப்பவர். எதையும் நிரூபித்துக் காட்டாமல் விடமாட்டார் போலிருந்தது.

கதவோரம் நின்றிருந்த என் தங்கை நிஷாவைப் பார்த்தேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

நிஷா கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறவள். ஆரணியில் பாதித் தறிகளில் அவள் போட்ட பார்டர்தான் ஓடுகிறது என்று நான் பீற்றிக்கொள்வது வழக்கம். போன வருடம் எவனோ ஒரு இணையதளக்காரன், 'போலிப் பட்டு விற்ற நிஷா கைது' என்று எங்கோ வேறொரு நிஷாவுக்கு நடந்ததை எழுதி, கண்காட்சியில் எடுத்த எங்கள் நிஷாவின் படத்தை அதில் போட்டுத் தொலைத்தான். நாசமாய்ப் போகிறவன், எத்தனை மெயில் அனுப்பியும் பதில் போடவில்லை. கடைசியில் அந்தப் பெரிய தேடுபொறிக்கே மனு மேல் மனு போட்டு, அவள் பெயரைத் தட்டினால் அந்தச் செய்தி வராதபடி செய்தோம். அதற்குள் இரண்டு சம்பந்தங்கள் கைநழுவிப் போயிருந்தன. தேடுவதற்கு உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தோமே, எங்களை என்ன சொல்ல!

"எங்க, பொண்ணு பேர ரெண்டுத்துலயும் போட்டுக் காட்டுடா," என்றார் மாமா.

"இப்ப எதுக்கு மாமா?" என்று அஜித் நெளிந்தான்.

"நீ காட்டலன்னா நானே பார்த்துக்கறேன்." அவர் தன் போனை எடுத்துவிட்டார். வந்ததுமே எங்கள் வீட்டு வைஃபையில் அதை இணைத்துக் கொடுத்தவன் நானேதான்.

டி.வி.யைத் துடைப்பதுபோல் பின்னால் போய் வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். "இங்க டவரும் சுமார்தாங்க. ஜல்தியா சாப்பிட்டுட்டு பார்க்கலாமே," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "இலை போட்டாச்சுங்க. பொழுது எறங்கிகினு இருக்குது, வாங்க," என்றாள்.

நாங்கள் சமணர்கள், அவர்களும் அப்படியே. பொழுது சாய்ந்துவிட்டால் எங்கள் வீடுகளில் சாப்பாடு கிடையாது. கேசரி, காபி எல்லாம் கணக்கில் வராது. இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால்தான் மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்ததாக அர்த்தம். அதன்பிறகு அவர்களால் பின்வாங்க முடியாது. இருட்டுவதற்குள் அவர்களை இலையில் உட்கார்த்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

மாமா போனைக் கண்ணுக்கருகில் வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "சரியான பேஜாரு, வரமாட்டேங்குது," என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். எனக்கு உயிர் வந்தது. கை கழுவச் சொம்பை எடுத்து நீட்டினேன்.

"இருங்க," என்று நிஷா கூடத்துக்கு வந்தாள். தன் போனை அவரிடம் நீட்டினாள். "இதுல டவர் இருக்குது. ரெண்டுத்துலயும் தேடிப் பார்த்துட்டு சாப்பிடுங்க."

ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தலாமா என்றிருந்தது எனக்கு. ஆனால் மாமா அதற்குள் பார்த்துவிட்டார். பெரியதில் அவள் போட்ட சேலைகள் வந்தன. அஜித்தின் கம்பெனியில் முதல் வரியே 'கைது'.

"இன்னாம்மா இது?"

"படம் என்னுது. செய்தி வேற யாருதோ," என்றாள். அதற்குமேல் கெஞ்சவும் இல்லை, அழவும் இல்லை.

"அது பொய்யி மாமா," என்று அஜித் எழுந்தான். "ஜாதகம் வந்த அன்னைக்கே ரெண்டுத்துலயும் போட்டுப் பார்த்துட்டேன். கைதானவங்களுக்கு இவங்க வயசுல பொண்ணே இருக்குதுன்னு அந்தச் செய்தியிலயே எழுதிக்கிறாங்க. எனக்குப் பூரண சம்மதம்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. "அப்ப இலைக்குப் போலாம் வாங்க," என்று மாமாவும் சிரித்துவிட்டார்.

நிஷா மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"பொய்னு தெரிஞ்சிகினு, அதுக்கு எவ்ளோ மார்க் போட்டீங்க?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "அது வந்து... அவங்ககிட்ட இல்லாதது எங்ககிட்ட இருந்தா எங்களுதுதான் உசத்திங்க. முழு மார்க் போட்டேன். நாங்க போடற மார்க்க வச்சுதான் மேல வருது."

"என் பேருன்னு தெரிஞ்சும்?"

"வேலைங்க அது. கல்யாணம் முடிஞ்சதும் ஆபீஸ்ல சொல்லி எடுக்க வச்சிடறேன்."

"கல்யாணம் நடக்கலன்னா?"

அஜித் மாமாவைப் பார்த்தான். மாமா என்னைப் பார்த்தார்.

நிஷா தன் போனை வாங்கிக்கொண்டாள். "பொழுது சாஞ்சிடுச்சும்மா. இலைய எடுத்துடு."

எதிர்வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் சொம்பைக் கீழே வைத்தேன்.

அம்மா உள்ளே போய் இலைகளை எடுக்க ஆரம்பித்தாள்.