செடிவேலியின் உயரம்

ஒஸ்லோவில் எங்கள் தோட்டக் குடியிருப்பில் ஆளுக்கொரு துண்டு நிலமும் அதில் ஒரு சிறு மரவீடும் உண்டு. கோடையில் அங்கே இருப்பேன். குளிர் தொடங்கினால் பூட்டிவிட்டுப் புருசெத் பகுதியில் உள்ள என் மாடிவீட்டுக்குத் திரும்பிவிடுவேன். மனைவி சிவரஞ்சினி இறந்துபோன பிறகும் நான் நிலத்தை விடவில்லை. இந்த அரசரத்தினத்தின் முற்றத்தில் புல் மண்டிக் கிடந்தது என்று எவர் வாயிலும் வரக்கூடாது.

செடிவேலியை மட்டும் வளரவிட்டிருந்தேன். மகன் குடும்பத்தோடு ஞாயிறுதோறும் வருகிறான் என்று பக்கத்துத் தோட்டத்துச் சோஃபியிடம் ஒருமுறை சொல்லியிருந்தேன். ரஜீவன் இருப்பது வடக்கே ஹம்மர்பெஸ்டில். இந்தப் பக்கம் வந்து மூன்று கோடை ஆகிறது. பெற்ற மகனை வெளியாள் குறைவாக நினைக்கத் தகப்பன் இடம் கொடுக்கலாமா? ஞாயிறுகளில் வேலிக்குப் பின்னே எல்லாக் கதிரைகளையும் எடுத்துப் போடுவேன்; அவற்றில் எவரும் உட்காரவில்லை என்பது வேலிக்கு அப்பால் தெரியாது.

வசந்தத்தில் நான் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தபோது தோட்டச் சங்கத் தலைவர் கிறிஸ்ரியன் வந்தார். வேலி நெஞ்சளவுக்கு மேல் இருக்கக் கூடாதாம். நடுக்கோடைக்கு முன் வெட்டிவிட வேண்டுமாம்.

அன்றே மகனை அழைத்தேன்.

"வேலி வெட்டோணும். ஒரு ஞாயிறு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாவன்."

"வேலி வெட்டப் பிளேன் ஏறி வாறதோ, அப்பா? அங்கை ஒருத்தரிட்டையும் கத்தரிக்கோல் இல்லையே?"

"வெட்டுறது நான். நீ வந்து இருந்தாக் காணும்."

"லீவு இல்லை அப்பா. பிறகு பாப்பம்."

மறுபடி நான் கேட்கவில்லை. கெஞ்சும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. வேலியை நானே வெட்டினேன்.

அடுத்த ஞாயிறு சோஃபி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். வெறுங் கதிரைகள்.

"இன்னும் வரேல்லையோ?"

"பிந்தும்" என்றேன்.

"வந்தாப் பிள்ளையளுக்குக் குடுங்கோ" என்று ஒரு கிண்ணம் ஸ்ட்ரோபெரியை நீட்டினார்.

பிறகு செரி வந்தது. அதன் பின் பிளம்ஸ். எனக்குப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு பேரப்பிள்ளைகளின் பங்கைத் தனியே இருந்து தின்றேன். கழுவிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஒண்டும் மிச்சம் விடேல்லை" என்பேன். அதிலாவது பொய் இல்லை.

இலையெல்லாம் உதிர்ந்து, குளிருக்காகத் தண்ணீர்க் குழாயை அடைத்த நாளில், சோஃபி நூல்பந்தோடு வேலியருகே வந்தார்.

"பிள்ளையளுக்குக் கம்பளிக் காலுறை பின்னப் போறன். கால் என்ன அளவு?"

நான் நிமிர்ந்து நின்றேன். ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். கடைசியாகப் பார்த்தபோது சின்னவள் ஹம்சிகா நடக்கவே தொடங்கியிருக்கவில்லை.

"தெரியாது" என்றேன். "அவை வாறேல்லை."

சோஃபி என் முகத்தைப் பார்க்கவில்லை. நூலைச் சுற்றிக்கொண்டே, "கேட்டுச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புருசெத்துக்கு வந்ததும், மேலங்கியைக்கூடக் கழற்றாமல் மகனை அழைத்தேன்.

"பிள்ளையளின்ரை கால் என்ன அளவு?"

"ஏன் அப்பா?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"எனக்கெங்கை தெரியும்? வாங்கின சப்பாத்து ஒண்டும் நாலு நாளைக்குக் காணாது. வந்து அளந்து பாருங்கோவன்!" என்று சிரித்தான்.

அழைக்காத வீட்டுக்கு நான் போனதில்லை, அது மகன் வீடானாலும். இதை அழைப்பாகக் கொள்ளலாமா என்று யோசித்தேன்.

"உனக்கு எந்த ஞாயிறு லீவு?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது.

"பொறுங்கோ அப்பா. பாத்துச் சொல்லுறன்."

அவன் வைத்துவிட்டான். நான் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன்.