மச்சானுக்குக் கிளி தெரியவில்லை

"அந்தப் புள்ள கண்ணுல என்ன கட்டு?"

சின்னத்தாயி இப்படிக் கேட்டதும் சோலையம்மாள் வெடுக்கென்று திரும்ப, பலகாரத் தட்டிலிருந்து ஒரு சீயம் உருண்டோடியது.

சின்னத்தாயி மாப்பிள்ளை ஆசைத்தம்பியின் தாய். பெண் பார்க்க அமராவதிபுதூரிலிருந்து மகனையும் தம்பி செம்மலையையும் கூட்டிக்கொண்டு வண்டியில் வந்து இறங்கியிருந்தாள். அவள் கேட்டது சோலையம்மாளின் இளைய மகள், ஏழு வயதுச் சொர்ணவல்லியைப் பற்றி. அந்தப் பிள்ளை வலது கண்ணில் கறுப்புத் துணிக் கட்டோடு சீயத்தைப் பிடிக்கப் பாய்ந்து, அதற்கு ஒரு சாண் தள்ளித் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

கதவிடுக்கில் நின்ற கல்யாணப்பெண் பொன்னழகுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவளுக்கு அன்று எதற்கெடுத்தாலும் சிரிப்பு. மாப்பிள்ளையைத் திருட்டுத்தனமாகப் பார்த்தாயிற்று, பிடித்தும் போயிற்று. அரும்பு மீசை, காது சிவக்கிற வெட்கம். வேறென்ன வேண்டும்? மனசு தரையில் நிற்கவில்லை.

"மாறுகண்ணுக்கு வைத்தியம் பாக்குறோம்," என்றாள் சோலையம்மாள்.

"ஒன்றரைக்கண்ணா? ஆத்தாடி!" சின்னத்தாயி நெஞ்சில் கை வைத்தாள். "நல்ல காரியம் நடக்குற வீட்டுல இது எதுக்க வந்து நின்னா வெளங்குமாண்ணே? கட்ட அவுத்துட்டு, புள்ளய காளையார்கோவில் பக்கம் ஒறவுக்காரக வீட்டுல விட்ருங்க. தையில தாலி கட்டினப்புறம் கூட்டியாங்க. சம்மதம்னா இப்பவே பூ வச்சிருவோம்."

பொன்னழகுக்குச் சிரிப்பு நின்றது.

வீட்டுக்காரர் அழகுசுந்தரம் ஆசாரி தலையைச் சொறிந்தார். அவர் செய்த தப்பு அவருக்குத்தானே தெரியும்! சின்னவள் தலையைச் சாய்த்து ஒரு கண்ணை இடுக்கிப் பார்ப்பதைக் கண்டு இரண்டு வருஷம் பூரித்துப்போயிருந்தார் மனுஷர். பலகையில் நெளிவு இருக்கிறதா என்று தச்சன் அப்படித்தானே பார்ப்பான்? 'எம் மக பொறக்கும்போதே மட்டம் பாக்கப் படிச்சிட்டு வந்திருக்கா' என்று வேலைக்குப் போன வீடெல்லாம் பீற்றிக்கொண்டார். இது கைத்தொழில் அல்ல, கண்கோளாறு என்று மதுரை டாக்டர் சொன்ன அன்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்பிடி அவுக்கக் கூடாதும்மா," என்றார் தயங்கித் தயங்கி. "நல்ல கண்ண மூடி வச்சாத்தான் சோம்பேறிக் கண்ணு வேலை செய்யுமாம். எட்டு வயசுக்குள்ள செய்யணும், தாண்டுனா அந்தக் கண்ணு தூங்கிப்போகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவளுக்குத் தையில எட்டு முடியுது."

"அப்பச் சரி. மூத்தவ கல்யாணமா, சின்னவ கண்ணான்னு நீங்களே சொல்லுங்க," என்றாள் சின்னத்தாயி.

சோலையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சொர்ணவல்லிக்கு இந்த வழக்கெல்லாம் எங்கே புரிந்தது? வந்தவர்களுக்குத் தன் சொத்தைக் காட்ட வேண்டும் அவளுக்கு. உள்ளே ஓடிப் பெட்டியைத் தூக்கி வந்தாள். டாக்டர் கொடுத்த கண்ணாடி வில்லைகளைப் பதித்து, மிச்சப்பட்ட பர்மாத் தேக்கில் ஆசாரி செய்த பெட்டி அது. உள்ளே இடது கண்ணுக்கு ஒரு கிளி, வலது கண்ணுக்கு ஒரு கூண்டு. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால் கிளி கூண்டுக்குள் இருக்கும். தினமும் கொஞ்ச நேரம் கட்டை அவிழ்த்துவிட்டுப் பொன்னழகுதான் அவளைப் பழக்குவாள். மாசக்கணக்கில் வெறும் கூண்டையே பார்த்த பிள்ளைக்கு நேற்றுத்தான் கிளியின் வால் தெரிந்தது. அக்காளும் தங்கையும் குதித்த குதியில் முற்றத்து மிளகாய் வற்றல் பாதி சிதறிப்போயிற்று.

"மச்சான், பாருங்க! கிளி எங்க இருக்கு?"

ஆசைத்தம்பி சிரித்துக்கொண்டே பெட்டியில் கண்ணை வைத்தான். "கூண்டுதான் இருக்கு. கிளியக் காணோமே தாயி?"

"நல்லாப் பாருங்க!"

"சத்தியமா இல்ல. பறந்துருச்சா?"

சொர்ணவல்லி கையைத் தட்டிக் கூத்தாடினாள். "மச்சானுக்கும் என்னைய மாதிரித்தான்! மச்சானுக்கும் கட்டுப் போடணும்!" தன் கட்டை அவிழ்த்து மாப்பிள்ளையின் முகத்தில் கட்டவே போய்விட்டாள்.

"பொட்டி கோணல்!" என்று கத்தினாள் சின்னத்தாயி.

ஆசாரிக்கு வந்ததே கோபம்! மகள் கண்ணைச் சொன்னபோது தயங்கித் தயங்கிப் பேசியவர், பெட்டியைச் சொன்னதும் எழுந்தே விட்டார். "எம் பொட்டியா கோணல்? ஒங்க தம்பியே பாத்துச் சொல்லட்டும்!"

செம்மலை பார்த்தார். "அடேயப்பா! கிளி ஜம்முனு கூண்டுக்குள்ள ஒக்காந்திருக்கு!" பிறகு பெட்டியை விட மனசில்லாமல் அதற்குள்ளேயே கிடந்தார். சோலையம்மாளே அழுகையை மறந்து சிரித்துவிட்டாள். ஆசைத்தம்பிக்கும் காது சிவக்கச் சிவக்கச் சிரிப்பு. சிரித்த வேகத்தில் உளறிக்கொட்டினான்.

"ஆத்தா, நம்ம கருப்பியும் இப்பிடித்தான தலையச் சாச்சுச் சாச்சுப் பாப்பா?"

"வாய மூடுடா!"

"கருப்பி யாரு?" கூப்பிடும் முன்பே பெண் வெளியே வந்து நின்றுவிட்டாள்.

"என் தங்கச்சி," என்றான் ஆசைத்தம்பி. இப்போது அவன் சிரிக்கவில்லை. "அவளுக்கும் ஒரு கண்ணு ஒதுங்கித்தான் போகும். நல்ல காரியத்துக்குக் கூட்டியாரக் கூடாதுன்னு உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கோம்."

"அவளையும் எங்க டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போவோம் அயித்த!" என்று துள்ளினாள் சொர்ணவல்லி. "அவளுக்கு என்ன வயசு?"

சின்னத்தாயி மடியிலிருந்த வெற்றிலையைக் கிழித்துக் கிழித்துப் போட்டாள். "பதினொன்னு," என்றாள் கடைசியில்.

பொன்னழகு தங்கையை மடியில் இழுத்து உட்காரவைத்து, கறுப்புத் துணியை அவள் வலது கண்ணில் திரும்பக் கட்டினாள்.

"அயித்த, ஒங்க மகன எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா சொர்ணம் எங்குட்டும் போகமாட்டா. மணவறையில இவ இந்தக் கட்டோட எனக்கு ஒரு பக்கம் நிக்கணும், கருப்பி ஒரு பக்கம் நிக்கணும். சம்மதம்னா பூ வைங்க."

சின்னத்தாயி பூவைக் கையில் எடுத்தாள். எடுத்த கை பாதியில் நின்றது.

"எட்டு வயசுக்குள்ளன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே தாயி," என்றாள்.

"சொல்லணும்னா அவளை நாலு பேரு பாத்திருக்கணுமே அயித்த," என்றாள் பொன்னழகு.