ஔதக்குட்டியின் ஒரு ஓட்டு

பதினான்கு சீட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்த தேர்தல் அதிகாரி பத்தாவதில் நின்றுவிட்டார். முன்பக்கம் பேபிச்சனின் பெயருக்கு நேரே அடையாளம் இருந்தது. பின்பக்கம் வெள்ளை. பஞ்சாயத்துப் பிரசிடெண்டைத் தேர்ந்தெடுக்கும் மெம்பர், சீட்டின் பின்பக்கம் பெயரெழுதிக் கையெழுத்தும் போடவேண்டும். போடாத ஓட்டு செல்லாது. மற்ற பதிமூன்றிலும் பெயர் இருந்ததால், இது யாருடையது என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"கர்த்தாவே!" என்று எதிர்க்கட்சி மெம்பர் ஔதக்குட்டிச் சேட்டன் தலையில் கை வைத்தார். "பேனா கையில இருந்துச்சே!"

பேபிச்சன் பக்கம் ஏழு பேர், நாங்கள் ஏழு பேர். சமமாகி, குலுக்கலில் முடியவேண்டியது. அந்த ஒரு வெள்ளையால் எங்கள் ஓமனா டீச்சர் நெல்லாம்பாறையின் பிரசிடெண்ட் ஆனாள். நாங்கள் பட்டாசு வெடித்தோம். நானும்தான் லட்டு தின்றேன்.

ஓமனா இருபத்திரண்டு வருஷம் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றியவள். மனு கொண்டு வருகிறவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்வாள். "இதுதானே உங்க கஷ்டம்? சரியாச் சொன்னேனா?" அவர் தலையசைத்த பிறகுதான் பதில். முடியாதென்றால் அன்றைக்கே முடியாது. "இல்லைங்கிறதுக்கு எதுக்குச் சேச்சி மூணு தடவை பஸ் ஏற வைக்கணும்?" என்பாள் என்னிடம். கோபித்துக்கொண்டு போனவர்கள்கூட மறுமாதம் அவளிடமே வந்தார்கள். என் வார்டில் ஓடைக்குக் குறுக்கே ஒரு நடைபாலம் வேண்டுமென்று பதினொரு வருஷமாக நான் கத்திக்கொண்டிருந்தேன். அவள் வந்து, சேலையை இழுத்துச் செருகி, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பார்த்துவிட்டுத் திட்டத்தில் சேர்த்தாள்.

அங்கே மலைமேல் ஔதக்குட்டியின் பாடு வேறாக இருந்தது. ஓட்டை விற்றுவிட்டான் என்றார்கள். மருமகனுக்குப் பஞ்சாயத்து ஜீப் ஓட்டுகிற வேலை தருவதாகப் பேச்சாம் என்றார்கள். கட்சி அவரைத் தள்ளிவைத்தது. சர்ச்சில் அவர் மனைவி ஏலிச்சேடத்தி போய் உட்கார்ந்தால் பக்கத்துப் பெண்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதையே விட்டாள். கடைசியில் ஒரு விடியலில் அவர்கள் வாசலில் செத்தவனுக்கு வைக்கிற ரீத்து, மலர்வளையம். அதில் அவர் பெயர், தேதி எல்லாம்.

அன்று மதியமே ஓமனா என்னையும் கூட்டிக்கொண்டு மலை ஏறினாள். ஔதக்குட்டி எங்களை உட்காரச் சொல்லவில்லை. ரப்பர் மரங்களுக்கு அப்பால் இரண்டு வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நின்றாயிற்று.

"சேட்டா, நான் ஊரைக் கூட்டிச் சொல்றேன். நீங்க எங்ககிட்ட எதுவும் வாங்கலைன்னு."

"நீ சொன்னா?" அவர் சிரித்தார். "கள்ளுக்கடைக்காரன் வந்து, இவன் குடிக்க மாட்டான்னு சாட்சி சொன்னா ஊர் நம்புமா? டீச்சரே, கோவிச்சுக்காத. காலைல ஒரு ரீத்து வந்துச்சு. இப்ப நீ வந்திருக்கியே, இது ரெண்டாவது ரீத்து."

உள்ளே ஏலிச்சேடத்தி கப்பைக்கிழங்கு நறுக்கும் சத்தம் நின்றது. "சாயா குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க," என்றாள், வெளியே வராமலேயே. நாங்கள் குடிக்காமல் இறங்கினோம்.

பாதி வழியில் ஓமனா ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள்.

"திருப்பிக் குடுத்துடலாம் சேச்சி."

"எதை?"

"பிரசிடெண்ட் பதவியை. விலை குடுத்து வாங்கின சாமானை எவனாவது திருப்பிக் குடுப்பானா? ராஜினாமா பண்ணிட்டு மறுபடி எலெக்ஷன் வைக்கட்டும். அப்பத்தான் நம்புவாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உனக்குக் கிறுக்கா? குலுக்கல்ல பேபிச்சன் வந்தா என் பாலம் என்னடி ஆகும்?"

"வந்தாலும் பாலம் வேணும்தானே. அவர் வாசல்ல போய்க் கேப்போம்."

"அவன் கட்டுவானா?"

"கட்டலைன்னா தினம் போய்க் கேப்போம். நானும் வரேன்."

"நீ வந்து என்னத்தைக் கிழிப்ப, பதவியில்லாம?"

"இது வரைக்கும் பதினொரு வருஷம் நீங்க எந்தப் பிரசிடெண்ட் பதவியில இருந்து கத்தினீங்க?" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்சி ஆபீசில் செக்ரட்டரி சசிதரன் மேஜையைத் தட்டினார். "எதிர்க்கட்சிக்காரன் மானத்துக்கு நம்ம ஆட்சியைப் பலி குடுக்கணுமா? அவன் நமக்கு யாரு?"

"என் பஞ்சாயத்துக்காரர்," என்றாள் ஓமனா. "நான் பிரசிடெண்டுன்னா அவருக்கும்தான் பிரசிடெண்ட். அந்த ஒரு வேலையாவது ஒழுங்காச் செஞ்சிட்டுப் போறேன்."

"தோத்துட்டா?"

"அன்னைக்கே தோத்திருக்கலாம். அந்தக் கையெழுத்து இருந்திருந்தா குலுக்கல்தானே."

அன்று நான் வாய் திறக்கவில்லை. அவளுக்காகவும் பேசவில்லை, பாலத்துக்காகவும் பேசவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

மறு தேர்தலன்று கூட்ட அறையில் ஔதக்குட்டி இரண்டு தரப்புக்கும் நடுவே தனி நாற்காலியில் உட்கார்ந்தார். தள்ளிவைத்த கட்சிக்கே ஓட்டுப் போட்டார். கையெழுத்துப் போட்டு, ஊதிக் காயவைத்து, அதிகாரியிடம் கொடுத்தார். ஏழுக்கு ஏழு. பேபிச்சன் பிறகு எழுந்து ஓமனாவிடம் வந்தான்.

"டீச்சர், குலுக்கல்ல உங்களுக்கு வரலைன்னா?"

"காலைல உங்ககிட்ட மனு குடுக்க வருவோம். பார்க்கவிச்சேச்சிக்கு ஒரு பாலம் வேணும்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு போய் ஔதக்குட்டியின் அருகில் நின்று, "ஔதக்குட்டிச் சேட்டா, இப்படி நடுவுல உக்காந்தா எப்படி? வாங்க நம்ம பக்கம்," என்றான். கிழவர் உடனே எழவில்லை. "இங்கயே காத்து நல்லா வருது," என்றார். பேபிச்சன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் போட்டான்.

அதிகாரி இரண்டு பெயர்களை எழுதி, ஒரே மாதிரி மடித்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினார்.

அப்போதுதான் மழை பிடித்தது. ஜன்னலுக்கு வெளியே கேட் பக்கம் கூட்டம் சிதறியது. கூட்டத்திலிருந்து விலகி, மதிலோரம் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு ஏலிச்சேடத்தி தனியே நின்றிருந்தாள். சர்ச்சில் நகர்ந்து உட்கார்ந்தவர்களில் ஒருத்தி, தடித்த உடம்புக்காரி, குடையோடு இரண்டடி போனாள். நின்றாள். மறுபடி நடந்து, கேட்காமல் கொள்ளாமல் சேடத்தியின் தோளைப் பிடித்துக் குடைக்குள் இழுத்தாள். இரண்டு பேருக்கும் அந்தக் குடை போதவில்லை. ஆளுக்கொரு தோள் நனைந்தது. சேடத்தி என்னவோ சொன்னாள், அந்தத் தடித்தவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அறையில் கைதட்டல் கேட்டது. யாரோ என் முழங்கையை இடித்தார்கள்.

"சேச்சி, பேர் வாசிச்சாச்சு! கேட்டீங்களா இல்லையா?"

"இரு," என்றேன். குடை மெல்ல மெல்ல ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.