பதினேழு முறை நின்ற இயந்திரம்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் சகாயசெல்வி. திண்டுக்கல்லில் பூட்டுக்கான பாகங்கள் அடிக்கும் ஒரு சிறிய ஆலையில் மின்பராமரிப்பு அவர் பொறுப்பு. "என்னைய நல்லவளா எழுதிராதீங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மலைக்கோட்டை மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்த...

வேண்டாம். வெயிலுக்கு இதில் வேலையில்லை.

2

சர்வோ மோட்டாரில் ஓடும், தகட்டை அடித்து வடிவமாக்கும் பிரஸ் ஒன்று அடிக்கடி நின்றது. கை உள்ளே போனால் இயந்திரத்தை நிறுத்துகிற சென்சார், ஒரே மாதத்தில் பதினேழு முறை நிறுத்தியிருந்தது. பதிவேட்டின்படி பதினேழும் அதை ஓட்டிய அன்னாளின் ஷிஃப்டில்.

"அந்தம்மா கைய உள்ள விடுது. மெஷின்ல கோளாறு இல்லைன்னு எழுதிக் குடும்மா" என்றார் மேலாளர் ஆனந்த்ராஜ்.

சகாயசெல்வி மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. எழுதிக் கொடுத்தார். அன்னாளுக்கு வேலை போயிற்று.

(இங்கே அவர் தயங்கியதாக ஒரு பத்தி இருந்தது. படித்துப் பார்த்தவர், "நான் தயங்கலையே" என்றார். எடுத்துவிட்டேன்.)

3

அன்னாள் போன பிறகும் இயந்திரம் நின்றது. அடுத்த ஷிஃப்டில் ஓட்டும் பிரபுவிடம் சகாயசெல்வி கேட்டார்.

"எனக்கும் நிக்கத்தான்க்கா செய்யும். பட்டனத் தட்டிட்டு ஓட்டிருவேன். எழுதுனா நம்மளத்தான கேப்பாக."

உள்ளதை எழுதி வைத்தவர் அன்னாள் ஒருவர்தான்.

அப்போதுதான் சகாயசெல்வி கேபிளைப் பார்த்தார். இயந்திரத்தை இடம் மாற்றியபோது மோட்டார் கேபிளை நாற்பது மீட்டருக்கு நீட்டி, சென்சார் வயரையும் அதோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மோட்டாரை இயக்கும் டிரைவ், மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்பும். அந்த வெட்டில் எழும் மின் இரைச்சல் பக்கத்து வயரில் ஏறி, இல்லாத கையை இருப்பதாகச் சொல்லியிருக்கிறது.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு ரியாக்டர் வேண்டும். டியூப்லைட் சோக்குக்கு அண்ணன் போன்ற செம்புச் சுருள். பெரிதாக இருந்தால் நல்லதென்று கிடைத்ததை மாட்டினார். இரைச்சல் அடங்கியது, ஆனால் மோட்டார் மந்தமாகி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. பிறகு மோட்டாரின் ஆம்பியரையும் கேபிளின் நீளத்தையும் டிரைவ் வெட்டும் வேகத்தையும் எழுதியனுப்பி, டிரைவ் கம்பெனியிடமே கேட்டு, சிறியதொன்றை டிரைவை ஒட்டி மாட்டினார். சென்சார் வயரைத் தள்ளிக் கொண்டுபோனார். மூன்று வாரம் இயந்திரம் ஒருமுறைகூட வீணாக நிற்கவில்லை.

4

முடிவு ஒன்று: அன்னாள் வேலைக்குத் திரும்புகிறார். (நடக்கவில்லை.)

முடிவு இரண்டு: இருவரும் கட்டிக்கொண்டு அழுது...

இல்லை. நடந்தது இது. கோளாறு என்ன, எப்படிச் சரியானது என்று ஒரு பக்கம் தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, பேகம்பூரில் இருந்த அன்னாளின் வீட்டுக்கே சகாயசெல்வி கொண்டுபோனார். "கைய உள்ள விடுற பொம்பள" என்ற பேச்சு முந்திக்கொண்டதால், அதற்குள் இரண்டு பட்டறைகளில் அன்னாளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அன்னாள் நிதானமாகப் படித்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கு. இதுல நான் எங்கம்மா இருக்கேன்?"

சகாயசெல்வி பேனா கேட்டு வாங்கி, தாளின் அடியில் ஒரு வரி எழுதினார். அது என்னவென்று அவர் சொல்லவில்லை. நானாக ஐந்து விதமாக எழுதிப் பார்த்தேன். ஐந்திலும் அவர் நல்லவராகிவிடுகிறார்.

அந்த வரியை நீங்கள் எழுதுங்கள். அன்னாள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்பது நினைவிருக்கட்டும்.