இடி விழுந்த மரத்துக்குக் காவல்

பொழுது புலரும்போதே மரக் கம்பெனி ஆட்கள் சாம்பலில் மண்டியிட்டிருந்தார்கள். முதுகில் தண்ணீர் டின், கையில் மண்வெட்டி. காடு எரிந்து முடிந்த பிறகுதான் முதுகை ஒடிக்கும் வேலையே தொடங்குகிறது. சாம்பலை வெட்டிப் புரட்டி, அடியில் தீ மிச்சமிருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளங்கை காய்த்துப் போனது, சூடு தெரியாது. கை சுட்டால் "சூடு!" என்று கத்த வேண்டும். யார் எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி அங்கே ஓட வேண்டும். இது இவர்களே தங்களுக்குள் வைத்துக்கொண்ட சட்டம். இதுவரை ஒருவனும் மீறியதில்லை.

டீக்கார அக்கா கேனைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறி வந்தாள். குனிந்த தலைகள் இன்னும் குனிந்தன. ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். டீ சில்லென்று இருந்தது.

"என்னக்கா, இப்படி ஆறிப் போச்சு?" என்று கேட்டுவிட்டான் ரேடியோ. ஓயாமல் பேசுகிறவன் என்பதால் அந்தப் பெயர்.

"நேத்து போட்டதுல மிச்சம்ப்பா. இனிமே அடுப்பே மூட்டக் கூடாதுன்னுட்டாங்களே. சூடா வேணும்னா டம்ளரைச் சாம்பல்ல வெச்சுக்கோ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேறு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நேற்று லாரி நிற்கும் முற்றத்தில் முதலாளி எல்லாரையும் கூட்டிவைத்து, அக்காவைக் கைகாட்டிச் சொன்னார்: "தீ இவ அடுப்புல இருந்துதான் கிளம்புச்சு. விசாரிக்க வனத்துறை ஆள் வர்றார். எல்லாரும் இதையே சொல்லணும். இவ குடும்பம் கம்பெனி வீட்டைக் காலி பண்ணிடணும்."

அண்டப் புளுகு! மழையில்லாமல் இடி இடித்த அன்று, மின்னல் முகட்டில் இருந்த நெட்டை மரத்தைப் பிளந்ததை அத்தனை பேரும் பார்த்தார்கள். இடி விழுந்த மரத்தின் வயிற்றுக்குள் தீ பல நாள் தூங்கும். அதனால் யாராவது அதன் அடியில் காவல் இருப்பது வழக்கம். இந்தத் தடவை முதலாளி விடவில்லை. "மரத்துக்கு ஆயா வேலை பார்க்கவா உங்களுக்குச் சம்பளம்? போய்க் கட்டையை ஏத்துங்க" என்றார். போய் ஏற்றினார்கள். காற்று திரும்பியது. மரம் வெடித்துப் பொறி பறந்தது. முகட்டிலிருந்து இறங்கிய தீ ஓடையைத் தாண்டி, அடுத்த பள்ளத்தாக்கையும் தின்று, பெருமழை வந்த பிறகுதான் அடங்கியது. காவலை நிறுத்தியது யார் என்று கேள்வி வந்தால் முதலாளி மாட்டிக்கொள்வார். அதற்குத்தான் இந்த அடுப்புக் கதை. அடுப்போ மலையடிவாரத்தில் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தும் முற்றத்தில் ஒருவன் வாய் திறக்கவில்லை. சொல்லவே கூசுகிறது. ரேடியோகூட அணைந்து போனான். மரம் அறுப்பவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன்தான் அக்காவின் புருஷன்.

வீட்டுக்குப் போனதும் அவள் சட்டி பானைகளை மூட்டை கட்டினாள். "நீங்க ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, முடிச்சை இறுக்கினாள்.

இப்போது அவனுக்கும் டம்ளரை நீட்டினாள். அதை வாங்க அவனுக்குக் கை வரவில்லை. எழுந்து முகட்டைப் பார்த்து நடந்தான்.

கீழே ஜீப் வந்து நின்றது. "சாம்பலைக் கிளறினது போதும்! எல்லாரும் லாரிக்கு வாங்க!" என்று முதலாளி சத்தம் போட்டார்.

அதே நேரம் மேலேயிருந்து ஒரு கத்தல் கேட்டது.

"சூடு!"

டம்ளர்கள் உருண்டன. ஆட்கள் மேலே ஓடினார்கள். "டேய், கூப்பிடுறது காதுல விழலையாடா?" என்று திட்டியபடி முதலாளியும் மூச்சிரைக்க ஏறினார்.

கரியாகிப் பிளந்து நின்ற நெட்டை மரத்தின் வேருக்கடியில் மரம் அறுப்பவன் கையை விட்டிருந்தான்.

"எந்த மரம்னு நல்லாப் பாருங்க முதலாளி. உள்ள இன்னும் கனன்னுட்டு இருக்கு. என் பொண்டாட்டி இங்க வந்தா அடுப்பு மூட்டினா?"

"ஓகோ! நேத்து எங்கடா போச்சு இந்த வாய்?"

அவன் முகம் செத்துப் போனது. "அசிங்கம்தான். ராத்திரி பூரா அவ முகத்தைப் பார்க்க முடியலை. இன்னைக்கும் பேசலைன்னா நான் மனுஷனே இல்ல."

"எங்களுக்கும் அதே அசிங்கம்தான்," என்றான் ரேடியோ.

"அத்தனை பேரையும் வேலையை விட்டுத் தூக்கிடுவேன்!"

"தூக்குங்க. கட்டையை யார் தூக்குவா?" ரேடியோ மரத்தடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். "நீங்க நிறுத்தின காவலை நாங்க போட்டாச்சு. வனத்துறை ஆள் இங்கேயே வந்து கேட்கட்டும். அக்கா வீட்டுல இருக்கலாம்னு நீங்க சொல்ற வரைக்கும் ஒரு குச்சிகூட லாரியில ஏறாது."

ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

"எத்தனை நாளைக்குன்னு நானும் பார்க்கிறேன்," என்று முதலாளி இறங்கிப் போனார். நாளைக்கு ஆள்படையோடு வருவாரோ, வீட்டுக்குப் போடப் பூட்டோடு வருவாரோ, யாருக்குத் தெரியும்? வீட்டில் மூட்டை கட்டியது கட்டியபடியே இருந்தது.

அக்கா கேனோடு மேலே வந்தாள். புருஷனின் புறங்கை கொப்பளித்திருந்தது. அவன் நிமிரவில்லை. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, மிச்சமிருந்த ஆறின டீயை அந்தக் கையில் ஊற்றினாள்.

"நேத்தே கத்தியிருக்கலாம்."

"ஆமா," என்றான்.

அவள் கேனை மூடிக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கு எல்லாருக்கும் சூடா போட்டுக் கொண்டு வர்றேன்."

"அடுப்பு மூட்டக் கூடாதேக்கா?" என்றான் ரேடியோ.

"மூட்டத்தான் போறேன். காவலுக்குத்தான் இத்தனை பேர் இருக்கீங்களே!"