செத்தவனுக்கு ஏது ஸ்கோர்

கூலிங் செத்து நான்கு வருடமாகிறது என்ற செய்தி கூலிங்கின் காதில் விழுந்தபோது, அவன் வங்கியில் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்து, ‘கேஸ் குறைஞ்சு கிடக்கு, இதைக்கூடப் பார்க்காம சம்பளம் வாங்குறானுங்க’ என்று மனதுக்குள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.

ஏசி மெக்கானிக்குக்கு வேறென்ன பட்டப்பெயர் கிடைக்கும்? தெருவே அவனைக் கூலிங் என்றுதான் கூப்பிட்டது. மனைவி மட்டும் ‘என்னங்க’ என்பாள். கோபமாக இருந்தால் அந்த மரியாதையும் போய், சுவரைப் பார்த்துப் பேசுவாள்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார் கடன் பிரிவு மேடம். கம்ப்யூட்டரை ஒருமுறையும் அவனை ஒருமுறையும் பார்த்தார். “உங்க கார்டு ஏன் வரலைன்னு பார்த்தேன்.”

“கிரெடிட் ஸ்கோர் கம்மியா மேடம்? பரவால்ல, எவ்வளவு கம்மின்னு சொல்லுங்க. ஏத்திடலாம்.”

“கம்மி இல்ல சார். ஸ்கோரே இல்ல. நீங்க இறந்துட்டதா பதிவாகியிருக்கு.”

கூலிங் தன் தொடையைக் கிள்ளிப் பார்த்தான். வலித்தது. “காலைலகூட ரெண்டு ஃப்ரிட்ஜ் சரி பண்ணிட்டு வந்தேன் மேடம்.”

“நான் நம்புறேன் சார். சிஸ்டம் நம்பணுமே.”

இந்த ஸ்கோர் வம்பில் அவன் தலையைக் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. அவன் வேலை பார்க்கும் பட்டறையின் முதலாளி, மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்திருந்தார். கடை, சாமான், ஓட்டை வேன், வாடிக்கையாளர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொல்லி, “உன்னைத்தான் முதல்ல கேக்குறேன். வருஷக் கடைசிக்குள்ள பணத்தைப் புரட்டு. இல்லேன்னா ஸ்க்ரூவுக்குக் குடுத்துடுவேன்” என்றார். ஸ்க்ரூ, கூலிங்கிடமே தொழில் கற்றுக்கொண்டு கூலிங்குக்கே தொழில் சொல்லித் தருகிறவன். எந்த நட்டையும் முழுதாக முடுக்கமாட்டான்; வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். அவன் கல்லாவில் சாய்ந்து உட்கார்ந்து, ‘கூலிங், ஒரு டீ சொல்லு’ என்று ஏவப்போகும் நாளை நினைத்தாலே இவனுக்கு வயிறு எரிந்தது. அந்தக் கடை கைக்கு வந்தே ஆகவேண்டும்.

அதனால் மச்சானிடம் போனான். மனைவியின் தம்பி, செல்போன் கடையில் வேலை, உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது.

“மாமா, பெரிய கடன் வேணும்னா முதல்ல சின்னக் கடன் வாங்கணும். அதைத் தேதி தவறாம கட்டணும். அப்பத்தான் ஸ்கோர் ஏறும்.”

“கடனே வாங்காதவன்தானேடா யோக்கியன்?”

“அவன் யோக்கியனா அயோக்கியனான்னே யாருக்கும் தெரியாது மாமா. வாங்கிக் காட்டினாத்தான் தெரியும். பேங்குல கொஞ்சம் டெபாசிட் போடுங்க. அதை ஈடா வெச்சு ஒரு கார்டு குடுப்பாங்க. அதுல பெட்ரோல் போடுங்க, மாசாமாசம் முழுசா கட்டுங்க. ஆறு மாசத்துல விறுவிறுன்னு ஏறும்.”

தன் பணத்தையே வங்கியில் போட்டு, அதையே கடனாக வாங்கி, அதையே திருப்பிக் கட்டி நல்ல பெயர் எடுப்பது! இதைக் கண்டுபிடித்த மகானுக்குக் கோயில் கட்டலாம். கூலிங் டெபாசிட் போட்டான். கார்டு வரவில்லை. ஏனென்று கேட்கப் போன இடத்தில்தான், தான் போய்ச் சேர்ந்துவிட்ட விவரம் தெரியவந்தது.

இதே வங்கியில் நான்கு வருடத்துக்கு முன்னால் அவன் ஒரு கடன் வாங்கியிருந்தான். பழைய கம்ப்ரஸர்களை மொத்தமாக வாங்கி, சரிசெய்து விற்று, ராஜாவாகிவிடுவதாகத் திட்டம். வந்து இறங்கியதில் ஒன்றுகூட மூச்சு விடவில்லை. தவணை நின்றது, வசூல்காரர்களின் ஃபோன் ஆரம்பித்தது. காலையில் ஒருத்தன், மத்தியானம் ஒருத்தி, சாயங்காலம் இரண்டு பேரும். நம்ம ஆள் என்ன செய்தான்? வெளியூரில் பெரிய கான்ட்ராக்ட் என்று முதலாளியிடம் அளந்துவிட்டு, ஃபோனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு சிநேகிதன் அறையில் போய் மாதக்கணக்கில் கவிழ்ந்து படுத்துவிட்டான். மனைவியிடம் அந்தப் பொய்யைக்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் திரும்பி வந்தான். அவள் ஒன்றும் கேட்காமல் தட்டை வைத்தாள். ஃபோன்கள் நின்றுபோயிருந்தன. “கண்டுக்காம விடு, அவனுங்களே ஓய்ஞ்சுடுவானுங்க” என்று அன்றிலிருந்து கடன்பட்ட சனங்களுக்கெல்லாம் டீக்கடையில் இலவச ஆலோசனை வேறு. அடேங்கப்பா, என்ன ராஜதந்திரம்!

“வீட்டுலேருந்து யாரோ ஃபோன்ல சொன்னதா குறிப்பு இருக்கு சார்,” என்றார் மேடம். “சர்டிஃபிகேட் எதுவும் கேக்காமலே கணக்கைத் தள்ளுபடி பண்ணியிருக்காங்க. எங்க பக்கமும் தப்புதான்.”

“தள்ளுபடியா? அப்போ நான் கட்ட வேணாமா?”

“செத்தவங்க கட்ட வேணாம் சார்.”

கூலிங்குக்கு ஒரு நிமிடம் ஆசை வந்தது, பொய் சொல்வானேன். “உயிரோட வந்துட்டா?”

“கடனும் கூடவே வரும். நாளைக்கு வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வாங்க. அந்த ஃபோன் பதிவைத் தலைமை ஆபீஸ்லேருந்து வரவழைச்சு வெக்கறேன்.”

பட்டறையில் போய்ச் சொன்னான். சொல்லியிருக்கக் கூடாது. “செத்த பிறகும் டூட்டிக்கு வர்ற ஒரே ஆள் நீங்கதான்ணே” என்றான் ஸ்க்ரூ. “அப்போ இத்தனை நாளா நான் யாருக்குடா சம்பளம் குடுத்தேன்?” என்று முதலாளியும் சேர்ந்துகொண்டார். கூலிங்கும் விட்டுக்கொடுக்காமல் சிரித்தான். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதும் சிரித்துக்கொண்டேதான் நுழைந்தான்.

மனைவி மருந்துக்கடையில் பில் போடும் வேலை முடிந்து வந்து, துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏய், விஷயம் தெரியுமா? நீ நாலு வருஷமா பேயோட குடும்பம் நடத்திட்டிருக்கே!” எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். “வீட்டு ஆளே ஃபோன்ல சொன்னாங்களாம். உங்கம்மாவாத்தான் இருக்கும். அவங்களுக்கு ரொம்ப நாள் ஆசை.”

அவள் சிரிக்கவில்லை. மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். “நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?” என்று சுவரிடம் கேட்டாள்.

மறுநாள் மேடம் இருவரையும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் பதிவை ஓடவிட்டார். முதலில் ஒரு சின்னப் பெண்ணின் குரல். வேலைக்குப் புதுசு போலிருக்கிறது, எழுதிக்கொடுத்ததைப் படிப்பதுபோலப் பேசினாள்.

“அம்மா, சார் இருக்காரா?”

“இல்லீங்க. அவர் போயிட்டார்.”

மனைவியின் குரல். கூலிங் திரும்பிப் பார்த்தான். அவள் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போயிட்டாரா! எப்போம்மா?”

“செவ்வாய்க்கிழமை.”

“ஐயோ. உடம்பு சரியில்லாம இருந்தாரா?”

“உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டுப் படுத்தார். காலைல எழுந்து பார்த்தா இல்லை.”

கூலிங் குபீரென்று சிரித்துவிட்டான். மேடமும் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆளையே முடித்துவிட்டார்களே, அதுவும் ‘போயிட்டார்’ என்கிற ஒரே வார்த்தையில்! கடைக்குப் போனவனும் போயிட்டார்தான், காலமானவனும் போயிட்டார்தான், பெண்டாட்டியைத் தவிக்கவிட்டு ஓடினவனும் போயிட்டார்தான். அந்தப் பொண்ணு பாவம் எதைக் கண்டது!

“கூட யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களாம்மா?”

“யாருக்கும் சொல்லலீங்க. வெளிய சொல்ற விஷயமா இது?”

“குழந்தைங்க?”

“ஒரு பொண்ணு. அப்பா எப்ப வருவார்னு கேட்டுக்கிட்டே இருக்கா. அவளுக்கு என்னத்தைச் சொல்ல?” அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்தது. “நான் என்னங்க தப்பு பண்ணேன்? பணம் போனா போகட்டும்னுதானே சொன்னேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அழுகைதான் ஓடியது. கூலிங்கின் சிரிப்பு எங்கே போனதென்று அவனுக்கே தெரியவில்லை.

“அழாதீங்கம்மா,” என்றது அந்தச் சின்னக் குரல். எழுதிக்கொடுத்ததை அது எப்போதோ விட்டுவிட்டிருந்தது. “சாப்பிட்டீங்களா?”

“இல்லீங்க.”

“முதல்ல ஏதாவது சாப்பிடுங்கம்மா. இனிமே எங்ககிட்டேருந்து உங்களுக்கு ஃபோன் வராது. நான் பார்த்துக்கறேன்.”

பதிவு முடிந்தது. எந்த ஃபோனுக்குப் பயந்து அவன் ஓடி ஒளிந்தானோ, அந்த ஃபோனில் இருந்தவள்தான் அவன் மனைவியைச் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள். அவன் கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, திரும்பி வந்த பிறகும் இல்லை. கூலிங்குக்கு அவமானமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பழைய புத்தி, வேறெங்கே போகும்!

மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தாளை எடுத்து மனைவியின் முன் வைத்தார். “இது சுலபமான வழிம்மா. ‘கவனக்குறைவால் தவறான தகவல் சொல்லிவிட்டேன்’னு நீங்க கையெழுத்துப் போட்டா, நாலு வருஷமும் சார் மேல பாக்கியா ஏறாது. அசலை மட்டும் தவணையில கட்டலாம். கார்டும் கிடைக்கும். வருஷக் கடைசியில கடை லோனுக்கு நானே எழுதி அனுப்புறேன்.” பேனாவையும் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். “என்ன, தவறான தகவல் குடுத்தவங்கன்னு உங்க ஃபைல்ல ஒரு குறிப்பு ஏறும். உங்க ஸ்கோர் நல்லா இருக்கு. ஸ்கூட்டர் தவணையெல்லாம் சரியா கட்டியிருக்கீங்க. அது கொஞ்சம் அடிபடும்.”

“கையெழுத்துப் போடலைன்னா?” என்று கேட்டாள் அவள்.

“வீட்டைவிட்டுப் போயிருந்ததை சாரே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுக்கணும். அப்போ நாலு வருஷப் பாக்கி, வட்டி, எல்லாம் அவர் தலையில. ஸ்கோர் அதலபாதாளம்தான். கடையை மறந்துடுங்க.”

மனைவி தாளைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். “நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே மேடம்,” என்றாள், மெதுவாக. பிறகு புருஷனைப் பார்த்தாள். அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். இத்தனை வருடம் எதையெல்லாமோ கேள்வி கேட்காமல் தாங்கிக்கொண்டவள், இதையும் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள்.

கூலிங் அவள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினான்.

“அவ சரியாத்தான் சொல்லியிருக்கா மேடம். எனக்கு வெள்ளைத் தாள் குடுங்க.”

“சார், யோசிச்சுக்குங்க. கடை...”

“என்னங்க, கடை போயிடும்,” என்றாள் மனைவி.

“போகட்டும்.”

சொல்லிவிட்டானே தவிர உள்ளே பற்றி எரிந்தது. கண்ணெதிரே ஸ்க்ரூ காலாட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தான். கூலிங் குனிந்து எழுதினான். நல்ல தமிழெல்லாம் அவனுக்கு வராது. ‘கடனைக் கட்ட முடியாமல் நான்தான் வீட்டைவிட்டு ஓடிப்போனேன். என் மனைவி சொன்னது உண்மை. அவள்மேல் எந்தத் தவறும் இல்லை. நான் உயிரோடுதான் இருக்கிறேன்.’ கீழே கையெழுத்தும் போட்டான். மேடம் வாங்கிப் படித்துவிட்டு முத்திரை குத்தினார். “கார்டுக்கே ஒரு வருஷம் ஆகும் சார். அதுக்கு அப்புறம் ஒழுங்கா கட்டினா மெதுவா ஏறும்,” என்றார். நான்கு வருடம் பிணமாகக் கிடந்தவன் உயிர் பெற்று எழுந்த அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த மதிப்பெண்ணைச் சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சிரிக்கும்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. இருவரும் ஸ்கூட்டர் நிற்கும் இடம்வரை நடந்தார்கள். அவளுக்கு மருந்துக்கடைக்கு நேரமாகிவிட்டது. அவனுக்கு முதலாளியிடம் போய், கடையை ஸ்க்ரூவுக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லவேண்டும்.

“ஸ்க்ரூகிட்ட கூலிக்கு நிப்பீங்களா?” என்று கேட்டாள். சுவர் எதுவும் பக்கத்தில் இல்லை, அவனைத்தான் பார்த்துக் கேட்டாள்.

“நிக்கறேன். டீ வாங்கிட்டு வரச் சொன்னாலும் வாங்கிட்டு வர்றேன். கட்டணுமே.” பிறகு, இத்தனை வருடமாக வராத வார்த்தை ஒருவழியாக வந்தது. “தப்புதான். உன்கிட்ட சொல்லியிருக்கணும். மன்னிச்சுடு.”

“உடனேயெல்லாம் முடியாது,” என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினாள்.

அது நியாயம்தான் என்று கூலிங்குக்குப் பட்டது. “சரி, நான் பட்டறைக்குப் போயிட்...” என்று ஆரம்பித்தவன், வார்த்தையைப் பாதியில் விழுங்கினான். காலையில் எழுந்தால் தினமும் சொல்கிற வார்த்தை, இப்போது வெளியே வரமாட்டேன் என்றது.

அவள் வண்டியைக் கிளப்பினாள். “போயிட்டு வாங்க,” என்றாள்.

அவன் தலையாட்டினான்.

“தலையாட்டினா போதாது. போயிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன். ரெண்டையும் செய்யணும்.”